திக்குகிறவர்களுக்கு ஸ்டோயிக் தத்துவம் உதவியதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர்:
எனக்கு 'ப' வரிசை வராது. என் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது, என்ன செய்ய! போனில் யாராவது "யார் பேசுறது?" என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். மூச்சும் நின்றுவிடும். எதிர்முனையில் "ஹலோ, ஹலோ, லைன் கட்டாயிடுச்சா?" என்பார்கள். பல வருடம் வேறொரு பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

அப்போதுதான் எபிக்டெட்டஸ் கண்ணில் பட்டார், பழங்கால கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதி. அடிமையாக இருந்தவர், காலும் ஊனம். அவர் பாடங்களிலிருந்து மாணவர் அர்ரியன் தொகுத்த கையேடு, 'சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை' என்றுதான் ஆரம்பிக்கிறது. உடம்பை அவர் 'இல்லை' பக்கம் வைக்கிறார். உதடும் உடம்புதானே! அது எப்போது ஒட்டும் என்பது என் கையில் இல்லை. போனை எடுப்பதும், சொந்தப் பெயரைச் சொல்வதும் என் கையில்.

ஸ்டோயிக்குகளின் வில்லாளி உவமையை ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதிவைத்திருக்கிறார். குறி பார்த்து ஒழுங்காக எய்வதோடு வில்லாளியின் வேலை முடிந்தது, பட்டதா இல்லையா என்பது வேறு கணக்கு. முன்பெல்லாம் போனை வைத்ததும் "திக்கினேனா?" என்று யோசிப்பேன். இப்போது "சொல்ல வந்ததைச் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். திக்கல் குறையவில்லை. பெயர் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

பேச்சு சிகிச்சையாளர் ஒருவர்:
நல்ல பதிவு. ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞர் இதே தத்துவத்தைப் படித்துவிட்டுக் கூட்டங்களில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்டால் "எதுவும் என்னைப் பாதிக்காது" என்பார். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நழுவுவதற்கு அவருக்கு ஒரு கௌரவமான பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

திக்குவாயரான உளவியலாளர் ஜோசப் ஷீஹன் திக்கலைப் பனிப்பாறை என்றார். காதில் விழுவது மேல்நுனி. பயம், வெட்கம், வார்த்தையை மாற்றிப்போட்டு ஒளிவது எல்லாம் தண்ணீருக்கு அடியில். தத்துவம் தொடுவது அந்த அடிப்பகுதியை. திக்கல் மன பலவீனம் இல்லை. மூளை பேச்சை இயக்கும் விதமும் பரம்பரையும் அதில் இருக்கின்றன. பெரியவர்களில் 100-க்குச் சுமார் ஒருவர் திக்குகிறார். ஆகவே "மனசை மாத்திக்கோ, சரியாயிடும்" என்று யாராவது எபிக்டெட்டஸைக் காட்டி உபதேசித்தால் நம்பாதீர்கள்.

இன்னொருவர்:
எனக்குப் பிடித்தது ஜீனோ கதை. ஸ்டோயிக் மரபைத் தொடங்கியவரே கூச்ச சுபாவி. அவருடைய குரு க்ரேட்டஸ், பருப்புக் கூழ் நிறைந்த பானையைத் தூக்கிக்கொண்டு ஊர் நடுவே நடக்கச் சொன்னாராம். இவர் வெட்கப்பட்டு மேலாடைக்குள் மறைக்க, குரு தடியால் பானையில் ஒரே போடு. கூழ் காலில் வழிய ஓடியவரைப் பார்த்து, "ஏன் ஓடுகிறாய்? பயங்கரமாக எதுவும் நடந்துவிடவில்லையே" என்றாராம்.

என் பயிற்சியாளர் கொடுத்த பானை, வேண்டுமென்றே திக்குவது. டிக்கெட் கவுண்ட்டரில் "ரெ-ரெ-ரெ-ரெண்டு" என்றேன், சுலபமாக வரும் வார்த்தையில். காது கொதித்தது. உள்ளே இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் "ரெண்டா?" என்றார். பின்னால் நின்றவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகவா இருபது வருஷம் பயந்தேன் என்று எரிச்சல்தான் வந்தது. எல்லா நாளும் இப்படி இல்லை. ஒருமுறை ஒருவர் என்னைப் போலவே பேசிக் காட்டினார். அன்று எந்தத் தத்துவமும் நினைவுக்கு வரவில்லை, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஓர் அம்மா:
என் பையனுக்கு எட்டு வயது. பழங்கால கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனிஸ் பேச்சு சரியாக வரக் கூழாங்கல்லை வாயில் போட்டுப் பழகினார், நீயும் செய் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பேச்சு சிகிச்சையாளர்:
வேண்டாம் அம்மா, தொண்டையில் சிக்கும். அது புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதிவைத்த கதை, சிகிச்சை இல்லை. அவன் பேசும்போது வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல், முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பேச்சு சிகிச்சையாளரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தொடங்கியவர்:
அவர் சொல்வதைக் கேளுங்கள். எனக்கும் சின்ன வயதில் கல் போட்டார்கள். மூன்று கல். வெளியே வந்தது இரண்டு.