ரிஸ்ட் ரெஸ்டுக்குள் அரிசி: வண்டு வருமா, வராதா?

கீபோர்டுப்பித்தன்:
பக்கத்து இழையில் நெல்லைத்தட்டச்சர் போட்ட யோசனையைப் பார்த்து எரிச்சல் தாங்காமல்தான் இதைத் தொடங்குகிறேன். பழைய ஜீன்ஸின் காலை வெட்டி, அரிசியை நிரப்பி, இரு முனையையும் தைத்தால் கீபோர்டுக்கு முன்னால் கையைத் தாங்க வைக்கிற மெத்தை, அதாவது ரிஸ்ட் ரெஸ்ட், தயாராம். வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாதாம்! அரிசியில் வண்டு வரும் சார். வீட்டில் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தவர் யாரும் இதைச் சொல்வார்கள். இலவம்பஞ்சு வையுங்கள்.

நெல்லைத்தட்டச்சர்:
வந்துவிட்டாரய்யா. அண்ணாச்சி, முழுதாகப் படித்துவிட்டுத்தான் கொதிக்கிறீர்களா? வெறும் வாணலியில் கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டு நிரப்பச் சொல்லியிருக்கிறேன். வறுத்த அரிசியில் வண்டு வராது. உங்கள் இலவம்பஞ்சுதான் ஒரே மாதத்தில் அப்பளமாக அமுங்கிவிடும்.

கீபோர்டுப்பித்தன்:
வறுத்தால் உள்ளே இருக்கிற முட்டை சாகும், சரி. வெளியிலிருந்து வருகிற வண்டை எந்த வாணலியில் வறுப்பீர்கள்? அது 2, 3 மில்லிமீட்டர் பூச்சி. தையல் இடுக்கு போதும். அரிசிமணியைக் குடைந்து உள்ளேதான் முட்டை வைக்கும், கண்ணுக்கே தெரியாது. கூடவே நம் ஊர் மே மாதத்தில் உள்ளங்கை வியர்வை வேறு. வண்டு வரும்.

தையல்மெஷின் அக்கா:
வண்டை விடுங்கள் தம்பிகளா. ஒரே குழாயாகத் தைத்தால் அரிசி ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுவில் குழி விழுந்துவிடும். குறுக்கே மூன்று தையல் போட்டு நான்கு அறையாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் முக்கால் பாகம் நிரப்பினால்தான் கை பதியும். திணித்தால் கட்டை மேல் கை வைத்த மாதிரி இருக்கும். எண் விசைகளோடு வருகிற முழு கீபோர்டு 44 செ.மீ. வாக்கில் இருக்கும். உங்களுடையதை அளந்து, தையலுக்குத் தனியாக விட்டு வெட்டுங்கள். மேலே கழற்றித் துவைக்க ஓர் உறை கட்டாயம்.

நெல்லைத்தட்டச்சர்:
அக்கா சொன்னால் சரி. அறை அறையாகத் தைத்து இரண்டு துண்டு வசம்பும் போட்டால் எந்த வண்டும் எட்டிப் பார்க்காது.

கீபோர்டுப்பித்தன்:
வசம்பு வாடையில் அலுவலக மெயில் அடிக்கட்டுமா? மேனேஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

மணிக்கட்டுவலி:
உள்ளே என்ன இருக்கிறது என்பதா முக்கியம்? உயரத்தைப் பாருங்கள். கீபோர்டின் முன்விளிம்பைவிட மேலே போகக்கூடாது. மணிக்கட்டை அதன் மேல் அழுத்திக்கொண்டே தட்டினால் மணிக்கட்டுக்குள் இருக்கிற குறுகலான பாதையான கார்ப்பல் டனல் வழியாகக் கைக்குப் போகும் மீடியன் நரம்புக்குத்தான் கேடு. உள்ளங்கையின் அடிமேடு படவேண்டும், அதுவும் தட்டாமல் ஓய்வாக இருக்கும்போது.

கீபோர்டுப்பித்தன்:
மெக்கானிக்கல் கீபோர்டே வீண்செலவு என்று போன மாதம் என்னிடம் மல்லுக்கு நின்றவர் நீங்கள்தானே? இப்போது நரம்புப் பாடம். நான் கேட்டது வண்டு.

சோற்றுக்கட்சி:
சோறு போடுகிற அரிசியின் மேல் கையை வைத்துத் தட்டச்சா? நல்லா இருக்கு. கைக்குழந்தைக்குக் கடுகுத் தலையணை விற்கிறார்களே, கடுகைப் போடுங்களேன்.

நெல்லைத்தட்டச்சர்:
கடுகு மட்டும் தாளிக்கிற பொருள் இல்லையா? விலை கேட்டுவிட்டு வாருங்கள். நான் போட்டது பழைய அரிசி, சமைக்க ஆகாதது.

கீபோர்டுப்பித்தன்:
எல்லோரும் கவனியுங்கள். "சமைக்க ஆகாதது." ஏன் ஆகாது? வண்டு வந்ததால்தானே!

நெல்லைத்தட்டச்சர்:
வாடை வந்ததால்.

கீபோர்டுப்பித்தன்:
வாடை வந்த அரிசியில் வண்டு வராதா?

ராத்திரிஷிப்ட்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும், புழுவும் சாகும்.

கீபோர்டுப்பித்தன்:
மின்வெட்டு வந்தால்? எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸே ஒழுங்காக உறையாது. கடைசியாகக் கேட்கிறேன் நெல்லை, தையலைப் பிரித்து உள்ளே இருக்கிற அரிசியைப் படம் எடுத்துப் போடுங்கள். தைரியம் இருக்கிறதா?

நெல்லைத்தட்டச்சர்:
உங்களுக்காக நான் எதற்குப் பிரிக்க வேண்டும்? உங்கள் இலவம்பஞ்சைக் கீபோர்டு பக்கத்தில் வைத்து முதலில் படம் போடுங்கள், அமுங்கிய லட்சணத்தை ஊரே பார்க்கட்டும்.

கீபோர்டுப்பித்தன்:
கேமரா சார்ஜில் இருக்கிறது. வண்டு வரும்.