பேரைப் போடுவதா, வேண்டாமா: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு இரவு

தர்சிகா: அம்மா, ஜி.எஸ். (கிராம சேவகர்) தந்த வாக்காளர் இடாப்புப் படிவத்தில் என் பேரைப் போட வேண்டாம். நான் வாக்குப் போடப் போவதில்லை. என் ஒரு வாக்கால் இங்கே எதுவும் மாறாது.

சித்தி (ஒட்டுசுட்டான்): பதினெட்டு முடிந்த கையோடு இப்படியா பிள்ளை? ஆனால் உன்னிலும் பிழை சொல்ல மாட்டேன். நாங்கள் எத்தனை தரம் புள்ளடி போட்டோம். யானை இன்னும் கச்சான் தோட்டத்துக்குள்தான் நிற்கிறது.

பெரிய மாமா: தர்சிகா, வாக்கை விடு, முதலில் படிவத்துக்கு வா. எந்த மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதை இடாப்பில் உள்ள பேர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. கிளிநொச்சியும் அதற்குள்தான். ஒரு பெட்டியும் திறக்க முன்பே மூன்று ஆசனம் போய்விட்டது. நீ வாக்குப் போடாவிட்டாலும் உன் பேர் அந்தக் கணக்கில் நிற்கும்.

நிரோஷ் (கிளிநொச்சி): அது பேர்க் கணக்கு மாமா. வாக்குக் கணக்கைப் பாருங்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வன்னியில் தேசிய மக்கள் சக்திக்கு 39,894, அடுத்து வந்த ஐக்கிய மக்கள் சக்திக்கு 32,232. வித்தியாசம் 7,662. இதில் ஒரு ஆள் போனால் என்ன, வந்தால் என்ன?

பெரிய மாமா: ஒரு ஆளால் அது மாறியிராது, உண்மை. ஆனால் அந்த 7,662க்கு என்ன கிடைத்தது? முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அதனால் ஐந்தில் ஒரு பங்கு வாக்கோடு ஆறில் இரண்டு ஆசனம். தமிழரசுக் கட்சிக்கு 29,711 வாக்கு, ஒரு ஆசனம். தொழிற்கட்சிக்கு 17,710, அதற்கும் ஒன்று. மூன்று மாவட்டம் சேர்ந்த வன்னியிலேயே நிலைமை இதுதான். இப்படிச் சிதறிக் கிடக்கும் இடத்தில் நாலைந்து ஊர் வீட்டில் இருந்துவிட்டால் ஆசனம் கைமாறும்.

அத்தை: 2005ஐ எல்லாரும் மறந்துவிட்டீர்களா? புலிகள் புறக்கணிக்கச் செய்த அந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்குப் போடவில்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் நாடு முழுக்க வித்தியாசம் 180,786. அதற்குப் பிறகு போரில் நடந்ததை இந்தக் குழுவில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

தர்சிகா: அது லட்சக்கணக்கானோர் ஒன்றாகப் போடாமல் விட்டது அத்தை. நான் ஒருத்தி.

அத்தை: அன்றைக்குப் போவதா விடுவதா என்பது எங்கள் கையில் இருக்கவில்லை மகள். இன்றைக்கு உன் கையில் இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சித்தி: 😔

பெரிய மாமா: ஒரே வாக்கில் தீரக்கூடிய இடமும் உண்டு. பிரதேச சபைத் தேர்தலில் வட்டாரத்தில் கூடுதல் வாக்கு எடுத்தவர் வெற்றி. சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. இந்தியாவில் 2008 ராஜஸ்தான் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி 62,215 எடுத்தார், எதிராளி 62,216. அவர் அப்போது மாநிலக் காங்கிரஸ் தலைவர். முதலமைச்சராக வரக்கூடியவர் என்று பேசப்பட்டவர்.

சித்தி: அப்போ என் யானை வேலி?

பெரிய மாமா: அது பிரதேச சபையின் வேலை இல்லை தங்கச்சி, வனசீவராசிகள் திணைக்களம் பார்ப்பது. அதைக் கொழும்பில் கேட்க எம்.பி. வேண்டும். உன் ஒழுங்கைக்கு விளக்கு, சந்தை, குப்பை இதெல்லாம் சபை. எதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டிவிட்டு வீட்டில் இருக்கிறோம், அதுதான் எனக்கு ஆத்திரம்.

நிரோஷ்: அந்த ஆசனக் கணக்குச் சரிதான் மாமா. கிளிநொச்சியில் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் பதியாமல் இருக்கிறார்கள். நாளைக்குப் படிவம் கேட்கிறேன்.

தர்சிகா: சரி, என் பேரைப் போடுங்கள் அம்மா. ஆனால் அன்றைக்கு நிற்கிறவர்களில் ஒருவரையும் பிடிக்காவிட்டால் நான் போகமாட்டேன். அப்போது யாரும் வற்புறுத்த வேண்டாம்.

அம்மா: அதை அன்றைக்குப் பார்ப்போம். அடையாள அட்டை இலக்கத்தை எனக்குத் தனியாக அனுப்பு, குழுவில் போடாதே. ஜி.எஸ். காலை எட்டரைக்கு வருவார்.