2015 சென்னை வெள்ளம்: ட்வீட்டைப் பார்த்துப் படகு அனுப்பலாமா?

தரவுத்தம்பி:
"சமூக ஊடகம் முழுக்க வதந்தி, பேரிடர் நேரத்தில் அதிகாரிகள் அதைத் திரும்பியே பார்க்கக் கூடாது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2015 டிசம்பரில் தன்னார்வலர்கள் ட்வீட்டுகளைப் பொறுக்கி, கூகுள் ஷீட்டில் ஏற்றி, யாருக்குப் படகு, யாருக்குச் சாப்பாடு என்று பிரித்தார்கள். தண்ணீர் நின்ற தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மக்களே குறித்தார்கள். மாட்டிக்கொண்டவர்களே மொட்டை மாடியிலிருந்து தகவல் கொடுத்தார்கள். இதைவிட என்ன வேண்டும்?

முடிச்சூரான்:
மாட்டிக்கொண்டவர்களே கொடுத்தார்களா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பதிவு போட்டதெல்லாம் அமெரிக்காவில் இருந்த பிள்ளைகள். பதிவு எங்கிருந்து போடப்பட்டது என்று காட்டும் இருப்பிடத்தை நம்பினால் படகு அமெரிக்காவில் டல்லாஸுக்குத்தான் போகும்.

தரவுத்தம்பி:
பதிவுக்குள்ளேயே முகவரி இருக்கிறதே சார், அதைத்தான் எடுக்கிறோம். 2018இல் கேரள அரசு 'கேரளா ரெஸ்க்யூ' தளத்தில் இப்படித்தான் வேலை பார்த்தது.

முடிச்சூரான்:
அங்கே படிவத்தில் முகவரியும் போன் நம்பரும் கேட்டு வாங்கினார்கள். நீங்கள் சொல்வது ட்வீட் பொறுக்குவது. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்: பதிவு போட்டது யார்? பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு அம்மாவைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அது தெரியாது. அவன் போட்ட பதிவு மறுநாளும் சுற்றுகிறது. படகு காலி வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கிறது, நாலு வீடு தள்ளி ஒரு கர்ப்பிணிப் பெண் காத்திருக்கிறாள்.

கோமதி_ஜாபர்கான்பேட்டை:
என் அண்ணன் துபாயிலிருந்து போட்ட பதிவைப் பார்த்துத்தான் எங்களுக்குப் படகு வந்தது. யார் போட்டால் என்ன?

முடிச்சூரான்:
நீங்கள் பிழைத்ததில் சந்தோஷம் அக்கா. துபாயில் அண்ணன் இல்லாத வீட்டுக்கு யார் போடுவது? சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடிசைகள் அடித்துக்கொண்டு போனதே, அவர்கள் எந்த ஷீட்டில் ஏறினார்கள்?

அடையாறுவாசி:
ஏரியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். முன்கூட்டியே ஒழுங்காக எச்சரித்திருந்தால் ட்வீட்டே தேவைப்பட்டிருக்காது.

தரவுத்தம்பி:
அதற்கு இந்த மன்றத்திலேயே தனி விவாதத் திரி இருக்கிறது. மெட்ரோ திரியிலும் இதே மாதிரி புகுந்து கெடுத்தீர்கள்.

அடையாறுவாசி:
மெட்ரோ திரியில் ஆதாரம் கேட்டதும் காணாமல் போனது யார் தம்பி?

முடிச்சூரான்:
உங்கள் மெட்ரோ சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும் இதே போன்களில்தான் ஓடியது. கையில் போன் இருந்தவன் குரல் மட்டும்தான் உங்கள் தரவு.

தரவுத்தம்பி:
புரளியைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து பத்துப் பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால்...

முடிச்சூரான்:
பத்துப் பேரும் தெருவில் இருந்தார்களா, டல்லாஸில் இருந்தார்களா? அதை முதலில் சொல்லுங்கள்.