‘ஐ விஷ்’ சொன்னால் ஏன் இறந்தகாலம் வருகிறது?

அரைகுறை_ஆங்கிலம்:
வணக்கம். மேலாளருக்கு ஒரு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். அறிக்கையை முடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்ல நினைத்து, ‘ஐ விஷ் ஐ ஹேவ் மோர் டைம்’ என்று போட்டேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, “ஹேவ் இல்ல, ஹேட்” என்றார். எனக்கு நேரம் வேண்டியது இன்றைக்கு, நேற்றைக்கு அல்ல. அப்புறம் எதற்கு இறந்தகாலம்? கேட்டால் “அது அப்படித்தான்” என்கிறார்.

போதாததற்கு இந்த ‘இஃப் ஐ வேர் யூ’ வேறு. ‘ஐ’க்கு ‘வாஸ்’ போட்டே பழகிய கை என்னுடையது. கஷ்டப்பட்டு ‘வேர்’ கற்றுக்கொண்ட ஜோரில், போன மாதம் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கும்போது ‘இஃப் ஐ வேர் ரூட் யெஸ்டர்டே, ஐ ஆம் சாரி’ என்று எழுதினேன். அதுவும் தப்பாம்! மனப்பாடம் பண்ணச் சொல்லாமல் யாராவது காரணம் சொல்லுங்களேன்.

தூக்கம்_வராதவன்:
மனப்பாடம்தான் ப்ரோ. ‘விஷ்’ வந்தால் காலத்தை ஒரு படி பின்னால் தள்ளு. இன்றைய ஏக்கத்துக்கு ‘ஹேட்’, நேற்றைய ஏக்கத்துக்கு ‘ஹேட் ஹேட்’. காரணம் தேடினால் தலைதான் வலிக்கும்.

சாக்பீஸ்_தூசி:
தலை வலிக்காது. காரணம் நம் வாயிலேயே இருக்கிறது. ‘நாளைக்கு அவன் வந்தால்’ என்கிறோமே, அந்த ‘வந்தால்’ எதிலிருந்து பிறந்தது? வந்தான், வந்த, வந்தால். படித்தான், படித்தால். போனான், போனால். நாளை நடக்கப்போவதற்கு இறந்தகால அடியைத்தான் எடுத்து ‘ஆல்’ ஒட்டுகிறோம். ‘வருவால்’ என்று யாரும் சொல்வதில்லை. நாம் செய்தால் உறுத்துவதில்லை, ஆங்கிலம் செய்தால் மட்டும் கோபம் வருகிறது.

ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம் காட்டுவது ஒரு தூரம். பெரும்பாலும் காலத்தில் தூரம், சில இடங்களில் நிஜத்திலிருந்து தூரம். உங்களிடம் நேரம் இல்லை, அதனால் ‘ஹேட்’.

நமக்குச் சிக்கல் வருகிற இடம் வேறு. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்று தமிழில் சொல்கிறோம். பையைத் துழாவிக்கொண்டே சொல்பவரும், காலிப் பையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுபவரும் சொல்வது இதே வாக்கியம்தான். குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அதை வினையிலேயே காட்டியாக வேண்டும். பையைத் துழாவுபவருக்கு ‘இஃப் ஐ ஹேவ் மனி, ஐ வில் பை இட்’. பெருமூச்சுக்காரருக்கு ‘இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் பை இட்’.

‘வேர்’ ஒரு பழைய மிச்சம். பழைய ஆங்கிலத்தில் கற்பனைக்கென்று தனி வினைவடிவம் இருந்தது. அதில் நான், நீ, அவன் எல்லாருக்கும் ஒரே சொல்தான். பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ தாராளமாகப் புழங்குகிறது, எழுத்தில் ‘வேர்’ போடுவது நல்லது. ஆனால் உங்கள் மன்னிப்பு கற்பனை இல்லையே! நேற்று நீங்கள் கடுமையாகப் பேசியிருக்கக்கூடும். அது நிஜ நேற்று. அங்கே ‘வாஸ்’தான்.

அரைகுறை_ஆங்கிலம்:
‘வந்தால்’! இத்தனை வருடம் பேசியும் கண்ணில் படவில்லை டீச்சர். அப்படியானால் மழை நிற்க வேண்டும் என்பதற்கு ‘ஐ விஷ் இட் ஸ்டாப்ட்’ சரியா?

சாக்பீஸ்_தூசி:
அங்கே ‘ஐ விஷ் இட் வுட் ஸ்டாப்’ என்பதுதான் இயல்பு. ‘இந்த மழை நிற்கக் கூடாதா’ என்று அலுத்துக்கொள்வோமே, அதுதான் இந்த ‘வுட்’. பிறர் செயலுக்கும் வெளியே நடப்பதற்கும்தான் அது. தன்னைப் பற்றி ‘ஐ விஷ் ஐ வுட்’ என்று எழுதாதீர்கள், ‘ஐ விஷ் ஐ குட்’ என்று எழுதுங்கள்.

‘நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே’ என்ற மனத்தாங்கலுக்கு ‘ஐ விஷ் யூ ஹேட் டோல்ட் மீ’.

இன்னொன்று. ‘தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்’ என்பதில் இரண்டு பக்கமும் ‘இரு’ வருவதால், நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ‘வுட் ஹேவ்’ போடுவார்கள். திருத்தித் திருத்தியே என் சிவப்பு மை தீர்ந்தது. ‘இருந்தால்’ பக்கம் ‘ஹேட்’, ‘இருப்பேன்’ பக்கம் ‘வுட் ஹேவ்’.

தூக்கம்_வராதவன்:
டீச்சர், உடம்பு சரியில்லாத நண்பனுக்கு ‘ஐ விஷ் யூ கெட் வெல் சூன்’ என்று அனுப்பிவிட்டேன். போச்சா?

சாக்பீஸ்_தூசி:
நண்பர் பிழைத்துக்கொள்வார். நடக்கக்கூடியதற்கு ‘ஐ ஹோப் யூ கெட் வெல்’. ‘விஷ்’தான் வேண்டுமென்றால் பின்னால் பெயர்ச்சொல் வையுங்கள்: ‘ஐ விஷ் யூ அ ஸ்பீடி ரெகவரி’.

அரைகுறை_ஆங்கிலம்:
‘ஹேட்’ போட்டு மெயிலை அனுப்பினேன். மேலாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது, மூன்றே சொல்: ‘ஸோ டூ ஐ’.