பழைய எஸ்யூவி: ஸ்டீயரிங் கனம், இடப்பக்கம் இழுப்பு

கேள்வி:
செகண்ட் ஹேண்ட் 7 சீட்டர் டீசல், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்குற) பவர் ஸ்டீயரிங். காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது கனமா இருக்கு, 'ஊங்'னு முனகுது. 80-ல போனா இடப்பக்கம் இழுக்குது. மெக்கானிக் ஸ்டீயரிங் ரேக்கையே (ஸ்டீயரிங் திருப்புறதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோற பாகம்) மாத்தணும்ங்கிறார். மாத்திடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க சார். ஸ்டீயரிங்குக்கு ஆயிலைத் தள்ளுற பம்ப் காத்தை இழுத்தா இப்படித்தான் முனகும். ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் நுரை தெரியுதா? அப்போ டப்பாவிலிருந்து பம்புக்குப் போற ஓஸ், கிளிப்பைப் பாருங்க. அதைச் சரிபண்ணி, மூடியில் போட்டிருக்கிற ரக ஆயிலையே ஊத்துங்க. முன்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, இன்ஜினை அணைச்சு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 15, 20 தடவை மெதுவா திருப்பினா காத்து வெளியேறும். அளவு இறங்க இறங்க ஊத்தணும். இன்ஜின் ஓடும்போது கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடிக்காதீங்க, பம்ப் சூடாகிடும். பம்பைச் சுத்துற பெல்ட் தளர்ச்சியையும் பாத்துடுங்க.

பதில் 2:
இழுப்பு தனி விஷயம். காத்தழுத்தம் சரிபார்த்து, முன் டயர்களை இடம்வலம் மாத்தி ஓட்டுங்க. இழுப்பும் பக்கம் மாறினா டயர்தான் கோளாறு. இல்லேன்னா வண்டியைத் தூக்கி, சக்கரத்தை 3 மணி, 9 மணி இடத்தில் பிடிச்சு ஆட்டுங்க. லொடலொடன்னா பெரும்பாலும் டை ராட் எண்ட் (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போற கம்பியின் முனை மூட்டு). 12, 6-ல ஆடினா பால் ஜாயிண்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷனோட சேர்க்கிற மூட்டு) இல்லேன்னா சக்கர பேரிங். அதை மாத்தாம அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிபண்றது) பண்றது காசுக்குத் தண்டம்.

பதில் 1:
ரேக் பூட் (ரேக் முனையில் இருக்கிற ரப்பர் உறை) கிளிப்பைக் கழற்றிப் பாருங்க. உள்ளே ஆயில் தேங்கியிருந்தா, ஆயில் கசியாம தடுக்கிற சீல் போயிருக்கு, அப்போ ரேக் வேலை பத்திப் பேசலாம்.