தண்ணீர் ராக்கெட்: பாராசூட்டுக்கு மாடிச் சோதனை போதாதா?

கொளத்தூர் பையன்:
இரண்டு லிட்டர் கோலா பாட்டில்களை ஒட்டிச் செய்த ராக்கெட். காலி எடை 400 கிராம். பழைய குடைத்துணியில் 70 செ.மீ. அகலத்துக்குப் பாராசூட் தைத்தோம். மூன்றாவது மாடியிலிருந்து விட்டதில் அருமையாக விரிந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஏவலாம் என்றால், குழுவில் ஒருவர் மட்டும் தரையில் வைத்து, பாராசூட் அடங்கியிருக்கும் மூக்குக் கூம்பைத் திறந்து பார்க்காமல் விடக் கூடாது என்கிறார். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிகிறது.

தாம்பரம் அக்கா:
தம்பி, அவர் சொல்வதுதான் சரி. மாடியில் துணியைக் கையில் பிரித்துப் பிடித்துத்தானே விட்டீர்கள்? ராக்கெட்டில் அது மடிந்து கூம்புக்குள் கிடக்கும். சர்வோ என்ற குட்டி மோட்டார் கூம்பின் தாழ்ப்பாளை விட வேண்டும், ரப்பர் பேண்ட் கூம்பைத் தள்ள வேண்டும், கயிறுகள் முறுக்காமல் பிரிய வேண்டும். இதில் ஒன்றைக்கூட மாடிச் சோதனை காட்டவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரியே மடித்து வைத்த துணி, காலையில் கொழுக்கட்டை மாதிரி ஒரே உருண்டையாக வந்து விழும். கொஞ்சம் முகப்பவுடர் தூவி மடியுங்கள். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் படுக்கவைத்தும் தலைகீழாகப் பிடித்தும் திறந்து பாருங்கள்.

கொளத்தூர் பையன்:
இஸ்ரோவே மேலிருந்து போட்டுத்தானே பார்க்கிறது, அக்கா? 2025 ஆகஸ்ட் 24 அன்று மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் மாதிரிக் கலத்தை சினூக் ஹெலிகாப்டரில் தூக்கிப் போய் சுமார் 3 கி.மீ. உயரத்திலிருந்து விட்டார்களே.

தாம்பரம் அக்கா:
விட்டார்கள். ஆனால் அதற்கு முன்பு என்னவெல்லாம் நடந்தது? 2023 ஆகஸ்டிலேயே சண்டிகரில் தண்டவாளத்தில் ராக்கெட் வண்டியை ஓட்டி, வேகம் குறைக்கும் சிறு பாராசூட்டுகளைத் தனியாகச் சோதித்தார்கள். அக்டோபர் 21இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டே பறந்தது. ஹெலிகாப்டர் அப்புறம்தான் வந்தது. நீங்கள் முதல் படியைத் தாண்டிக் குதிக்கிறீர்கள்.

வேளச்சேரி மெக்கானிக்:
இதில் நான் பையன் பக்கம். எத்தனை முறை தரையில் திறந்தாலும், எந்த நொடியில் திறக்க வேண்டும் என்பது பறக்கவிட்டால்தான் தெரியும். டைமர் ஒரு நொடி பிந்தினால் ராக்கெட் தலைகுப்புற வேகமெடுத்துவிடும். அந்தப் பாராசூட்டில் இறங்கும் வேகம் நொடிக்கு 5 மீட்டருக்குள்தான் இருக்கும். 30 மீட்டர் வேகத்தில் விரிந்தால் வேகம் 6 மடங்கு, இழுப்பு அதன் வர்க்கமாக 36 மடங்கு. தையல் தாங்குமா? அதைத் தரைச் சோதனை சொல்லாது.

தாம்பரம் அக்கா:
சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாழ்ப்பாளே திறக்காவிட்டால் டைமர் எதற்கு? அந்தக் கூம்பு யார் தலையில் இறங்கும் என்பதுதான் என் கவலை. ஞாயிற்றுக்கிழமை மைதானம் முழுக்கக் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள்தான் இருப்பார்கள்.

வேளச்சேரி மெக்கானிக்:
அது நியாயம். தம்பி, 80 மீட்டர் உயரத்தில் விரிந்தால் இறங்க 17 நொடி ஆகும். நொடிக்கு 4 மீட்டர் காற்று இருந்தாலே 70 மீட்டர் தள்ளிப் போகும். கடற்காற்று கிளம்புவதற்கு முன், விடிந்ததும் ஏவுங்கள். காசிமேட்டில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் சுழல் கொக்கி ஒன்று வாங்கிக் கயிற்றில் கோத்துக்கொள்ளுங்கள், முறுக்கு விழாது.

கொளத்தூர் பையன்:
சரி, சனிக்கிழமை ராத்திரி மடித்து வைத்து ஞாயிறு காலையில் தரையில் திறந்து பார்க்கிறோம். துணி ஒழுங்காக வந்தால் அன்றைக்கே ஏவிவிடுவோம்.

தாம்பரம் அக்கா:
ஒருமுறை வந்தால் போதாது. தொடர்ந்து பத்து முறை வரட்டும். ஏவுவதை அடுத்த ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.