ஏபிஐ கிளையன்ட் லைப்ரரி: ஸ்கிரிப்ட் நடுவில் நின்றுவிடுகிறது, 429 வருகிறது, ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிறது

கேள்வி

வணக்கம். ஒரு சேவையின் அதிகாரப்பூர்வ பைத்தான் கிளையன்ட் லைப்ரரியை வைத்து, இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறேன். லைப்ரரி உள்ளே ரிக்வெஸ்ட்ஸை (பைத்தானில் எச்டிடிபி அழைப்பு அனுப்பும் லைப்ரரி) பயன்படுத்துகிறது. கிளையன்ட்டை உருவாக்கும்போது நம்முடைய செஷனை (பல அழைப்புகளுக்கும் பொதுவான அமைப்பை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) கொடுக்கவும் வழி இருக்கிறது. வேலை இரண்டு: சுமார் 40,000 ஆர்டர்களைப் பக்கத்துக்கு 100 வீதம் இழுத்து நம் டேட்டாபேஸில் போடுவது, நம் பக்கம் புதிதாக வந்தவற்றை போஸ்ட் மூலம் அங்கே உருவாக்குவது.

சில நாள் 30-வது பக்கத்தில், சில நாள் 212-வது பக்கத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பிழை கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது. காலையில் பார்த்தால் ப்ராசஸ் உயிரோடுதான் இருக்கிறது. நிற்காமல் ஓடுகிற நாளில் 429 (அழைப்பு வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்ற பதில்) வருகிறது. அதற்காக செஷனில் ரீட்ரை அடாப்டர் (தோற்ற அழைப்பைத் தானே மறுபடி அனுப்பும் பகுதி) ஒன்றை மாட்டினேன், எண்ணிக்கை 5. அதன் பிறகு 429 கூடியதே தவிரக் குறையவில்லை.

இது போக, வாரத்துக்கு ஓரிரு ஆர்டர் அந்தப் பக்கம் இரட்டையாகப் பதிவாகிறது. இழுத்த பட்டியலிலும் சில ஐடி இரண்டு முறை வருகிறது, சில வருவதே இல்லை.

லைப்ரரியைத் தூக்கிப்போட்டுவிட்டு நேரடியாக ரிக்வெஸ்ட்ஸில் எழுதிவிடலாமா?

பதில் 1

தூக்கிப்போட வேண்டாம். அங்கீகாரம், டோக்கன் புதுப்பிப்பு, ஜேசனை ஆப்ஜெக்ட்டாக மாற்றுவது எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டிவரும். இப்போதிருக்கும் நான்கு சிக்கலும் அங்கேயும் கூடவே வரும்.

நின்றுபோவதை மட்டும் நான் சொல்கிறேன். ரிக்வெஸ்ட்ஸுக்கு இயல்பாக டைம்அவுட் என்பதே இல்லை. மறுமுனை இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பாமல் இருந்தால் எவ்வளவு நேரமானாலும் காத்துக்கொண்டே இருக்கும். அதைப் போன்ற இன்னொரு லைப்ரரியான எச்டிடிபிஎக்ஸுக்கு இயல்பே 5 விநாடி. அமேசான் ஏடபிள்யூஎஸ்ஸின் கிளையன்ட் லைப்ரரியான போட்டோ3-க்கு இணைக்க 60, படிக்க 60. ஆக "லைப்ரரி பார்த்துக்கொள்ளும்" என்று பொதுவாக நம்ப முடியாது, அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டைம்அவுட்டை இரண்டு எண்ணாகக் கொடுங்கள்: இணைக்க 3.05, படிக்க 30. முதல் எண் 3-க்குச் சற்று மேலே இருப்பது, டிசிபி பாக்கெட்டை மறுபடி அனுப்பும் 3 விநாடி இடைவெளியைக் கணக்கில் வைத்து. இரண்டாவது எண்ணைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது மொத்தப் பதிலுக்கான நேரம் அல்ல, பைட் எதுவும் வராமல் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது. 29 விநாடிக்கு ஒரு பைட் என்று சர்வர் சொட்டிக்கொண்டிருந்தால் 30 விநாடி டைம்அவுட் ஒருநாளும் அடிக்காது. மொத்த நேரத்துக்கு எல்லை வேண்டுமென்றால் அதை ஸ்கிரிப்டுக்கு வெளியே, அதை ஓட்டுகிற ஷெட்யூலரில் வையுங்கள்.

செஷனுக்கு மொத்தமாக டைம்அவுட் கொடுக்கும் வசதி இல்லை. எச்டிடிபிஅடாப்டரை எக்ஸ்டென்ட் செய்து, அதன் சென்ட் மெதடுக்குள் டைம்அவுட் 'நன்' (மதிப்பு எதுவும் இல்லை) ஆக இருந்தால் நம் எண்களைப் போட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: க்வார்க்ஸில் (மெதடுக்குப் பெயரோடு வரும் மதிப்புகளின் தொகுப்பு) 'செட்டிஃபால்ட்' (கீ இல்லையென்றால் மட்டும் மதிப்பைப் போடுவது) போட்டால் வேலை செய்யாது. செஷன் எப்போதும் டைம்அவுட் என்ற கீயை 'நன்' மதிப்போடு அனுப்பிவிடுகிறது. கீ ஏற்கெனவே இருப்பதால் செட்டிஃபால்ட் பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும். மதிப்பு 'நன்'தானா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது மவுன்ட், அதாவது எந்த முகவரிக்கு எந்த அடாப்டர் என்று செஷனில் மாட்டுவது. மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டுக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் 'எச்டிடிபிஎஸ்://' என்று மாட்ட, லைப்ரரி தன் முழு பேஸ் யூஆர்எல்லுக்கு வேறொரு அடாப்டரை மாட்டியிருந்தால் உங்களுடையது சும்மா தொங்கும். கிளையன்ட் உருவான பிறகு செஷனின் 'கெட் அடாப்டர்' மெதடிடம் உண்மையான முகவரியைக் கொடுத்து, எந்த அடாப்டர் திரும்ப வருகிறது என்று பிரின்ட் செய்து பாருங்கள்.

சோதிக்க நெட்கேட் (ஒரு போர்ட்டில் இணைப்பை ஏற்கும் சிறிய கமாண்ட்) போதும். 8080 போர்ட்டில் கேட்க விட்டு, கிளையன்ட்டின் பேஸ் யூஆர்எல்லை அங்கே திருப்புங்கள். அது இணைப்பை எடுத்துக்கொண்டு வாய் திறக்காது. ரீட்ரையை அணைத்துவிட்டு ஓட்டும்போது 30 விநாடியில் ரீட்டைம்அவுட் வந்தால் சரி. இந்தச் சோதனை வெறும் எச்டிடிபியில் நடப்பதால், அடாப்டரை 'எச்டிடிபி://'க்கும் மாட்ட மறக்காதீர்கள்.

பதில் 2

429 ஏன் கூடுச்சுன்னா, உங்க அடாப்டர் வேற ரீட்ரை பண்ணுது, லைப்ரரியும் அதுக்கு மேல தனியா பண்ணுதுன்னு நினைக்கிறேன். லைப்ரரி 3 முறை மறுபடி முயலும்னு வைங்க. அதோட ஒவ்வொரு முயற்சியும் உங்க அடாப்டர்ல 6 அழைப்பா விரியும். 4 பெருக்கல் 6, மொத்தம் 24. லிமிட் தாண்டிட்டேன்னு சர்வர் சொல்ற நேரத்துல ஒரே பக்கத்துக்காக 24 தடவை கதவைத் தட்டுறீங்க. ரெண்டுல ஒண்ணை அணைச்சிடுங்க. லைப்ரரிலேயே ரீட்ரை செட்டிங் இருந்தா அதை 0 ஆக்கிட்டு அடாப்டர் பக்கம் வைக்கிறது என் விருப்பம். என்ன நடக்குதுன்னு நம்ம கண்ணுக்குத் தெரியும்.

அடாப்டர்ல யூஆர்எல்லிப்3-யோட (ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில இருக்கிற லைப்ரரி) ரீட்ரை கிளாஸைத்தான் போட்டிருப்பீங்க. அதுல கவனிக்க வேண்டியது:

முதல் மறுமுயற்சிக்குக் காத்திருப்பே கிடையாது. பேக்ஆஃப் ஃபேக்டர் (இடைவெளியைப் பெருக்குற எண்) 1-னா இடைவெளி 0, 2, 4, 8, 16 விநாடி. உச்சவரம்பு 120. ஃபேக்டரையே கொடுக்காம விட்டா இயல்பு 0, அதாவது அஞ்சு தடவையும் மூச்சுவிடாம அடிக்கும்.

'ரீட்ரை-ஆஃப்டர்' ஹெடர் வந்தா மேல சொன்ன கணக்கை விட்டுட்டு அதுல சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கும். 413, 429, 503 இந்த மூணுக்கும் அந்த ஹெடரை அதுவாவே மதிக்கும். அந்த ஹெடர் விநாடியாவும் வரலாம், தேதியாவும் வரலாம்; ரெண்டையும் அது படிச்சுக்கும். நீங்களே கையால எழுதுனா 'இன்ட்' போட்டு எண்ணா மாத்துற இடத்துல தேதி வந்து உடையும், ஜாக்கிரதை. சில சேவைகள் இந்த ஹெடருக்குப் பதிலா தனி ஹெடர்ல சொல்லும். கிட்ஹப்ல டோக்கனோட போனா பொதுவா மணிக்கு 5,000, டோக்கன் இல்லாம 60. மீதி எத்தனை, எப்ப புதுசாகும்னு 'எக்ஸ்-ரேட்லிமிட்'னு தொடங்குற ஹெடர்கள்ல இருக்கும். அதை யூஆர்எல்லிப்3 பார்க்காது, நீங்கதான் பார்க்கணும்.

ஸ்டேட்டஸ் பட்டியல்ல 429, 502, 503, 504 போதும். 400, 401, 404, 422 எல்லாம் கோரிக்கையிலேயே இருக்கிற தப்பு, நூறு தடவை கேட்டாலும் அதே பதில்தான்.

'ரெய்ஸ் ஆன் ஸ்டேட்டஸ்'ஐ ஃபால்ஸ் ஆக்குங்க. இல்லன்னா முயற்சி தீர்ந்ததும் ரீட்ரைஎரர் எழும்பி, சர்வர் கடைசியா என்ன சொல்லிச்சுங்கிற பாடியே உங்க கைக்கு வராது. அந்தப் பாடியிலதான் "நிமிஷ லிமிட்டா, நாள் லிமிட்டா"ன்னு பெரும்பாலும் எழுதியிருக்கும்.

எந்த வகைக் கோரிக்கையை ரீட்ரை பண்ணலாம்ங்கிற பட்டியலைப் பழைய பதிவுகள்ல 'மெதட் ஒயிட்லிஸ்ட்'னு எழுதியிருப்பாங்க. யூஆர்எல்லிப்3 2.0-ல அதை எடுத்துட்டாங்க, டைப்எரர் வரும். இப்ப பேர் 'அலவுட் மெதட்ஸ்'.

ஆனா ரீட்ரையை எவ்வளவு அழகா அமைச்சாலும் அது முதலுதவிதான். 40,000 ஆர்டருக்கு 400 அழைப்பு. நிமிஷத்துக்கு 60-னு வரம்புன்னா, அழைப்புக்கு அழைப்பு 1.1 விநாடி விட்டு ஓட்டினா ஏழரை நிமிஷத்துல முடிஞ்சிடும், 429-ஐப் பார்க்கவே வேண்டாம். ராத்திரி ஓடுற வேலைக்கு என்ன அவசரம்?

கேட்டவர்

நன்றி. லைப்ரரியின் சோர்ஸைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்னதுபோல் உள்ளேயே 3 ரீட்ரை இருக்கிறது. போஸ்ட்டுக்கு மட்டும் இன்னும் குழப்பம். என் அடாப்டரில் அலவுட் மெதட்ஸை மாற்றவில்லை. பிறகு எப்படி இரட்டைப் பதிவு வருகிறது? போஸ்ட்டைச் சுற்றி நான் போட்டிருப்பது, எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் மூன்று முறை வரை முயலும் லூப்.

பதில் 3

அந்த லூப்தான் காரணம். யூஆர்எல்லிப்3 இயல்பாக கெட், ஹெட், புட், டெலீட், ஆப்ஷன்ஸ், ட்ரேஸ் ஆகியவற்றைத்தான் பதில் வராதபோது மறுபடி முயலும்; போஸ்ட்டைத் தொடாது. அது வேண்டுமென்றே விட்டுவைத்ததை உங்கள் லூப் செய்கிறது.

எக்ஸெப்ஷன்களைப் பிரித்துப் பாருங்கள். கனெக்ட்டைம்அவுட் என்றால் கோரிக்கை போய்ச் சேரவே இல்லை, தைரியமாக மறுபடி அனுப்பலாம். ரீட்டைம்அவுட் என்றால் கோரிக்கை போய்விட்டது. ஆர்டர் உருவாகிப் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம், உருவாகாமலும் இருக்கலாம். இந்தப் பக்கத்திலிருந்து அதை அறிய வழியே இல்லை. 'கனெக்ஷன் அபார்ட்டட்' என்று வருவதும் இதே ரகம். சும்மா கிடந்த இணைப்பை சர்வர் மூடும் அதே கணத்தில் நாம் அதில் அனுப்பினாலும் அது வரும், பாதி வேலையில் சர்வர் விழுந்தாலும் வரும். 502, 504 இரண்டும் நடுவிலிருக்கும் ப்ராக்ஸி சொல்வது. பின்னாலிருக்கும் சர்வர் வேலையை முடித்திருக்கலாம்.

தீர்வு ஐடெம்பொட்டன்சி கீ: ஒரே வேலையின் எல்லா முயற்சியோடும் மாறாமல் போகும் அடையாளம். சேவை அதை ஆதரிக்கிறதா என்று டாக்குமென்ட்டில் பாருங்கள். ஸ்ட்ரைப் போன்ற பணச் சேவைகளில் 'ஐடெம்பொட்டன்சி-கீ' என்ற ஹெடராகவே உண்டு: அதே கீயோடு இரண்டாவது முறை வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல், முதல் முறை கிடைத்த பதிலையே திருப்பித் தரும். ஸ்ட்ரைப்பில் 24 மணி நேரம் கடந்த கீ அழிக்கப்படலாம். ஆகவே நேற்று தோற்றதை நாளை மறுநாள் அதே கீயோடு அனுப்பினால் புது ஆர்டராகிவிடலாம்.

வழக்கமாக நடக்கும் தவறு, கீயாகப் போகும் யூயூஐடியை (ஒவ்வொரு முறையும் தனியாக உருவாகும் அடையாள எண்) லூப்புக்கு உள்ளே உருவாக்குவது. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ போனால் கீ இருந்தும் இல்லாததுபோல்தான். லூப்புக்கு வெளியே உருவாக்கினாலும் போதாது. ஸ்கிரிப்டே செத்து மறுபடி எழுந்தால் கீ மாறிவிடும். உங்கள் ஆர்டர் டேபிளில் ஒரு நெடுவரிசை சேருங்கள், கீயை அதில் எழுதி கமிட் செய்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள். இந்த வரிசை தலைகீழானால் பயனில்லை.

சேவை கீயை ஆதரிக்கவில்லை என்றால், உங்கள் ஆர்டர் எண்ணை 'வெளி எண்' மாதிரியான ஏதாவது புலத்தில் அனுப்பி, ரீட்டைம்அவுட் வந்ததும் அந்த எண்ணால் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பலாம். உடனே தேடாதீர்கள். பல சேவைகளில் தேடல் இன்டெக்ஸ் சில விநாடி பின்தங்கி வரும். இருப்பதையே இல்லை என்று சொல்லிவிடும்.

பதில் 4

பட்டியலில் ஐடி இரட்டிப்பதும் விடுபடுவதும் ஆஃப்செட் பேஜினேஷனின் (இத்தனையாவது வரியிலிருந்து கொடு என்று பக்கம் பக்கமாகக் கேட்பது) குணம். புதியது முதலில் என்ற வரிசையில் 1 முதல் 100 வரை எடுத்துவிட்டீர்கள். அடுத்த அழைப்புக்கு முன் ஒரு புது ஆர்டர் தலையில் வந்து உட்கார்ந்தால் எல்லாம் ஓரிடம் கீழே நகரும். முன்பு 100-வதாக இருந்தது இப்போது 101, இரண்டாவது பக்கத்தின் முதல் வரியாக மறுபடி வரும். ஒன்று அழிக்கப்பட்டால் எல்லாம் மேலே ஏறும். 101-ஆக இருந்தது 100-க்குப் போய்விடும், அதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். இரட்டிப்பைக் கையாள்வது எளிது, ஐடியை வைத்து அப்சர்ட் (இருந்தால் மாற்று, இல்லையென்றால் சேர்) செய்தால் போச்சு. விடுபட்டதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து.

கர்சர் முறை (சர்வர் தரும் குறியைக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து அடுத்ததைக் கேட்பது) இருந்தால் அதற்கு மாறுங்கள். அதிலும் கர்சருக்கு ஆயுள் இருக்கலாம். லைப்ரரியின் 'எல்லாவற்றையும் கொடு' மெதட் பெரும்பாலும் ஜெனரேட்டர், அதாவது தேவைப்படும்போதுதான் அடுத்த பக்கத்தை இழுக்கும். நீங்கள் லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் டேட்டாபேஸில் மெதுவாக எழுதிக்கொண்டிருந்தால், அடுத்த பக்கம் கேட்கப் போகும்போது கர்சர் காலாவதியாகியிருக்கும். ஒரு பக்கத்தை முழுதாக வாங்கி ஒரே ட்ரான்ஸாக்ஷனில் எழுதி, கூடவே அடுத்த கர்சரையும் சேமித்துவிடுங்கள். நடுவில் விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆஃப்செட் மட்டும்தான் என்றால் உருவான நேரத்தின் ஏறுவரிசையில் கேளுங்கள். புதியவை கடைசியில் சேரும், முன்னால் எதுவும் நகராது. அழிப்பு மட்டும் தொல்லை தரும். அதற்கு, பக்கத்துக்குப் பக்கம் 100 தாண்டாமல் 90 தாண்டி, 10-ஐ ஒன்றன்மேல் ஒன்று படியவிடுங்கள். முந்தைய பக்கத்தின் கடைசி ஐடி அடுத்த பக்கத்தில் தென்படவில்லை என்றால் ஒன்று அதுவே அழிந்திருக்கிறது, இல்லை பத்தோ அதற்கு மேலோ நகர்ந்திருக்கிறது. இன்னும் பின்னால் போய் எடுக்க வேண்டும்.

இன்னொன்று: வேகத்துக்காக த்ரெட்கள் போட நினைத்தால், ஒரே செஷனைப் பகிராமல் த்ரெட்டுக்கு ஒன்றாக வையுங்கள்.

பதில் 1

ஒன்றைச் சேர்க்கிறேன். இதையெல்லாம் சோதிக்கும்போது 'யூஆர்எல்லிப்3' லாகரை டீபக் நிலைக்கு இறக்கினால் ஒவ்வொரு அழைப்பும் பாதை, ஸ்டேட்டஸோடு லாகில் விழும். 24 தட்டல் 6 ஆகக் குறைந்ததா என்று எண்ணிப் பார்க்கலாம். 'எச்டிடிபி கிளையன்ட்' மாட்யூலில் உள்ள எச்டிடிபிகனெக்ஷன் கிளாஸின் டீபக்லெவலை 1 ஆக்கினால் ஹெடர்களும் வரும், ஆனால் ஆதரைசேஷன் ஹெடரில் உள்ள டோக்கனும் அப்படியே அச்சாகும். அந்த அவுட்புட்டை இங்கே ஒட்டுவதற்கு முன் டோக்கனை அழித்துவிடுங்கள். டோக்கனை யூஆர்எல்லிலேயே அனுப்பும் சேவை என்றால் முதல் வகை லாகிலும் அது தெரியும்.